ஐந்தாவது கிலோமீட்டர்

மம்பட்டியோடு ஓடுவது எப்படியென்று
யாரும் சொல்லித் தருவதில்லை.
தோளில் போட்டால் நாலாவது எட்டில் எலும்பைக் கடிக்கும்.
கையில் தொங்கவிட்டால் முழங்காலைத் தேடி வரும்.
பிள்ளையைத் தூக்குற மாதிரி தூக்குங்கக்கா என்றாள் ஜெசிந்தா,
பெரியாஸ்பத்திரியில் இரவுப்பணி முடித்து
தூங்காமல் வந்திருந்தவள்.

ஞாயிறு, அஞ்சே கால்.
ரேஸ்கோர்ஸ் வாசலில் பதினொரு பேர்,
ஆறு மம்பட்டி, நாலு இரும்புச் சட்டி,
ஒரே ஒரு கடப்பாரை.
அதை ஒச்சப்பனும் நூருல்லாவும்
ஆளுக்கொரு முனை பிடித்து ஓடினார்கள்.
இரண்டு வருடமாகச் சேர்ந்து ஓடுகிறவர்கள்தான்;
அன்றைக்குத்தான் ஒருவர் மூச்சு
மற்றவர் கைக்குத் தெரிந்தது.

நாய்கள் குரைக்கவில்லை.
மம்பட்டியைப் பார்த்து வண்டிக்கடியில் ஒதுங்கின.

மாட்டுத்தாவணிக்கு முன்னால் ரோந்து ஜீப் மறித்தது.
"யாரைப் புதைக்கப் போறீக?"
கேட்டவருக்கே சிரிப்பு.
ஆனாலும் பெயர்களை எழுதிக்கொண்டார்.
கண்மாய்க்கு வருகிற கால்வாய் அடைத்துக் கிடக்கிறது,
தூர் அள்ளப் போகிறோம் என்றோம்.
"அதுக்கு ஏன் ஓடணும்?"

அதற்கு எங்களிடம் பதில் இல்லை.
வேலைக்கு மட்டும் கூப்பிட்டிருந்தால்
நான் புரண்டு படுத்திருப்பேன், அது உண்மை.
வெறும் ஓட்டமென்றால்
ஜெசிந்தா தூங்கப் போயிருப்பாள்.

கால்வாய் ஓரத்தில் கடிகாரத்தை நிறுத்தினேன்.
மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவள் நான்;
எண் ஓடாமல் நின்றால்
ஏதோ பழுதென்றே மனசு சொல்லும்.
நிறுத்திவிட்டு இறங்கினேன்.

பால் கவர். பால் கவர். ஒரு ஹெல்மெட்.
தண்ணீர் குடித்து ஊதிப்போன கல்யாண ஆல்பம்.
மூன்று கையில்லாத நாற்காலிகள், ஒரு ஜோடிச் சிலம்பு,
சேலையா வேரா என்று தெரியாமல்
இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்த ஒன்று.
யானைமலைக்குப் பின்னாலிருந்து வெயில் வந்தபோது
பத்தடி நீளம்கூட முடியவில்லை.

தள்ளுவண்டியோடு போன மாநகராட்சிப் பெண்,
முப்பது வயதிருக்கும்,
நின்று பார்த்தாள்.
"அள்ளுனதை விளிம்பிலயே கொட்டுறீக.
ஒரு மழைக்கு மறுபடி உள்ளதான் இருக்கும்."
பிறகு கேட்டாள், "எவ்வளவு தாராக?"
ஒன்றுமில்லை என்றதும்
எங்களுக்காக வருத்தப்பட்டாள்.
அவளுக்கு மூன்று மாதப் பாக்கி இருந்தது
பேச்சோடு பேச்சாகத்தான் வெளியே வந்தது.
அதற்கு மேல் கொஞ்ச நேரம்
யாரும் யாரையும் படம் எடுக்கவில்லை.

அன்றைய கணக்கு:
போக நாலு கிலோமீட்டர், வர நாலு.
நடுவில் இரண்டரை மணி நேரம்
எந்தப் பதிவிலும் இல்லை.
திங்கட்கிழமை ஒவ்வொரு மாடியிலும்
மீட்டர் பெட்டியைத் திறக்கக் கை தூக்கும்போது மட்டும்
அது இருந்தது.

ஆறு ஞாயிறு போனோம்.
பதினொன்று ஏழாகி,
ஏழு பதிமூன்றாகி,
பிறகு ஒன்பதில் நின்றது.

ஐப்பசியில் ஒரு சனி இரவு முழுக்கப் பெய்தது.
காலையில் மம்பட்டி இல்லாமல்
வெறுங்கையோடு ஓடினோம்.
கை கனம் தேடி வீசியது.
கால்வாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது
செம்மண் நிறத்தில், நுரை தள்ளி,
தனக்கு முன்னால் கிடந்த சருகுகளையெல்லாம்
கூட்டத்தை விலக்குகிறவன் போல ஒதுக்கிக்கொண்டு.
கரையில் அதோடு கூடவே ஓடினோம்.
எங்களைவிட மெதுவாக வந்தது.
அதனால் எல்லோரும் வேகத்தைக் குறைத்தார்கள்,
முதன்முறையாக நான் கடைசியில் இல்லை.

மண்டபத்துக்குப் பின்பக்கம்
தண்ணீர் நின்றுவிட்டது.
நேற்றைய விருந்தின் இலைகள், தெர்மாகோல் எழுத்துகள்;
மணமகள் பெயரில் பாதி மிதந்தது.
ஒச்சப்பன் செருப்பில்லாமல் இறங்கினார்.
நூருல்லா மண்டபத்து வாட்ச்மேனிடம்
கம்பு கேட்கப் போனார்.
நான் இலைகளை வாங்கி வாங்கி மேலே போட்டேன்,
விளிம்பிலிருந்து தள்ளி.

கடிகாரத்தை நிறுத்த மறந்துபோயிருக்கிறேன்.
ஐந்தாவது கிலோமீட்டருக்கு
நாற்பத்தேழு நிமிடம் என்று பதிந்திருக்கிறது.
திருத்துவதா என்று கேட்டது.
இல்லை என்று தொட்டேன்.